வாங்கும் மதகுக்கல்லும்: பேருவளையிலிருந்து தெவிநுவர வரை சைக்கிளில்

சென்ற வருடம் பெப்ரவரி நடுப்பகுதியில் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு பேருவளையிலிருந்து தெவிநுவர வரை சைக்கிளில் போனேன். காலி வீதியால் நேரே போனால் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். நான் நேரே போகவில்லை. வீட்டில் சொன்னபோது, "இந்த வயசுல எனத்துக்கு இந்த விசர் வேல, பஸ்ஸில பெய்த்து வந்தாப் போதாதா" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதே வீதியால் பஸ்ஸில் நூறு தடவையாவது போயிருப்பேன். போன ஒவ்வொரு தடவையும் பேருவளையில் கண்ணை மூடி காலியில் திறந்திருக்கிறேன். இப்னு பதூதாவின் பயணநூலில் இந்தக் கரையைப் பற்றிய சில வரிகளைத் திரும்பவும் வாசித்த பிறகுதான் அந்த இடைத்தூரம் எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசை வந்தது. அவர் 1344இல் தெவிநுவரயிலிருந்து காலிக்கும், காலியிலிருந்து கொழும்புக்கும் வந்தார். நான் அவருக்கு எதிர்த்திசையில் போனேன்.

பெப்ரவரியைத் தெரிந்ததற்கு இரண்டு காரணங்கள். தென்மேற்குக் கரையில் அப்போது கடலும் காற்றும் அமைதியாக இருக்கும். மற்றது, காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டில் பொறித்திருக்கும் நாள் 1409 பெப்ரவரி 15. அந்தக் கல்லைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

சுபஹ் தொழுதுவிட்டு கெச்சிமலையிலிருந்து புறப்பட்டேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் வெள்ளைப் பள்ளி, பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம். அங்கே அடங்கியிருக்கும் அஷ்ரஃப் வலியுல்லாஹ் யெமனிலிருந்து வந்தவர் என்பது ஊர் மரபு. கொஞ்சம் தள்ளி இருக்கும் மஸ்ஜிதுல் அப்ரார் கி.பி. 920இல் எழுந்தது என்பதும் மரபுதான். இரண்டையும் மறுப்பது என் நோக்கமல்ல. ஆனால் நமது வரலாற்றைப் பேசும்போது நாம் எப்போதும் இந்த ஒரு வரியிலேயே தொடங்கி இந்த ஒரு வரியிலேயே முடித்துவிடுகிறோம்: அரபிகள் வந்தார்கள், தங்கினார்கள், நாம் அவர்களின் பிள்ளைகள். பள்ளிவாசல் பலகைகளிலும் ஞாபகார்த்த மலர்களிலும் ஆண்டு மட்டும் ஊருக்கு ஊர் மாறும், கதை மாறாது. அன்று காலை துறைமுகத்தில் நின்றபோது என் காதில் விழுந்த ஒரு சொல் இந்த வரியைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் மற்றவரிடம் கேட்டார்: "வாங்கு செல்லிட்டா?"

வாங்கு. நாளுக்கு ஐந்து தடவை கேட்கும் சொல். அரபியில் அது அதான். வாங்கு என்பது 'பாங்க்' என்ற பாரசீகச் சொல்; குரல், கூப்பாடு என்று பொருள். கெச்சிமலையில் வருடா வருடம் நடக்கும் கந்தூரியும் பாரசீகம்தான். உணவு பரப்பி வைக்கும் விரிப்புக்கு அங்கே கந்தூரி என்று பெயர். அரபு வழி வந்த நாம் தொழுகைக்குக் கூப்பிடுவது பாரசீகத்தில். தொழுவதும் நோன்பு நோற்பதும் பெருநாள் கொண்டாடுவதும் பள்ளிக்குப் போவதும் தமிழில். இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. ஆனாலும் கெச்சிமலையின் கீழே நின்று கேட்கும்போது வேறுமாதிரி இருந்தது.

ஒரு எச்சரிக்கை. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பாரசீகர் இங்கே வந்து குடியிருந்தார்கள் என்று எழுதிவிட முடியாது. காயல்பட்டினம், கீழக்கரை வழியாகவும் இச்சொற்கள் நம்மிடம் வந்திருக்கலாம்; இந்தியாவின் முஸ்லிம்கள் நடுவே பாரசீகச் சொற்கள் எங்கும் பரவியிருந்தன. ஆகவே வாங்கும் கந்தூரியும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம், அவ்வளவுதான். சாட்சி வேறு இடத்தில் தேட வேண்டும்.

அளுத்கமயில் காலி வீதியை விட்டு உள்ளே திரும்பி தர்கா நகருக்குப் போனேன். பெயரைக் கவனியுங்கள். தர்கா, அதாவது வாசல், அரசவை என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஊரே அச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. கடைத்தெருவில் பிளேன்டீ குடித்தேன். 2014 ஜூன் 15இல் இங்கே நடந்தவற்றை நான் எழுதத் தேவையில்லை, வாசகர்களுக்குத் தெரியும். எரிந்த கட்டடங்கள் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் அந்த நாட்களில் நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட ஒரு வசனம் எனக்கு மறக்கவில்லை: உங்கட நாட்டுக்குப் போங்கோ. அந்த 'உங்கட நாடு' அரேபியா. நமக்கு அதைக் கேட்கக் கோபம் வருகிறது. ஆனால் நமது மலர்களில், மேடைகளில் அதே அரேபியாவை ஒரே ஊற்றாகக் காட்டியவர்களும் நாம்தான். பெருமைக்கென்று நாம் சொன்ன கதையை மற்றவர்கள் குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொன்னார்கள்.

இது நேற்று வந்த சிக்கல் அல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், சோனகர் இனத்தால் தமிழர் என்று வாதிட்டு ஒரு கட்டுரை படித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பு புகழ்பெற்றது. அரசியல் பிரதிநிதித்துவம் அந்த வாதத்தின் அடியில் கிடந்தது. அஸீஸ் அன்றைக்கு எழுதியதை அன்றைய தேவையோடுதான் பார்க்க வேண்டும். அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு நட்டம். ஆனால் அந்த விவாதத்தில் இரண்டே இரண்டு கதவுகள்தான் இருந்தன. ஒன்று தமிழர், மற்றது அரபி. நூறு வருடத்துக்கு மேலாக நாம் அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவிலேயே நிற்கிறோம்.

பெந்தோட்டைப் பாலத்தைக் கடந்த பிறகு இந்துருவ, கொஸ்கொட, அஹுங்கல்ல, பலப்பிட்டிய வரை எழுத ஒன்றுமில்லை. சைக்கிள்காரனுக்கு அது நல்ல பாதை. சமதரை, ஒரு பக்கம் ரயில்பாதை, தென்னை மர இடுக்குகளால் கடல். கெட்டது பஸ்கள். பின்னால் ஹோர்ன் கேட்டால் வீதியின் ஓரத்து மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே மானம் பார்க்கக்கூடாது. முடிந்த இடத்திலெல்லாம் ரயில்பாதையோரத்து ஊர் வீதிகளால் போனேன்.

பெரலியவில் இறங்கி நின்றேன். 2004 டிசம்பர் 26இல் ரயிலோடு கடல் கொண்டுபோன ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட மக்களுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. அதிலிருந்து சற்றுத் தூரத்தில் தெல்வத்தயின் தொட்டகமுவ விகாரை. 15ஆம் நூற்றாண்டில் ஸ்ரீ ராகுல தேரர் இருந்த இடம். அவர் இயற்றிய 'பரவி சந்தேசய'வில் ஒரு புறா கோட்டையிலிருந்து தெவிநுவரக்குத் தூது போகிறது. அதாவது நான் போகும் இதே கரையால். சிங்கள இலக்கியத்தில் இந்தப் பாதைக்கு இப்படி ஒரு இடம் இருக்கிறது. அதே பாதையில் கப்பலும் கடையுமாக வாழ்ந்த நம்மவர்கள், போன வழியை எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதவர்கள். நம்மைப் பற்றி எழுதியவர் தாஞ்சியரிலிருந்து வந்த ஒரு மொரோக்கோகாரர்.

தொடந்துவயில் பின் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது. சைக்கிள் திருத்தும் சிங்கள முதியவர் ஒருவர் ஒட்டித்தந்தார். பேச்சுவாக்கில் 'மரக்கல மினிஸ்சு' என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து 'முஸ்லிம்' என்று திருத்தினார். நான் பரவாயில்லை என்றேன். எனக்கு அந்தப் பழைய பெயரில் வருத்தமில்லை. மரக்கலம் தமிழ்ச் சொல். கப்பலில் வந்தவர்களைச் சிங்களவர் தமிழ்ச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக் கப்பல் என்று அவர்கள் கேட்கவில்லை. கூலியாக மிகக் குறைந்த காசே வாங்கினார், அதற்கும் மேலாக ஒரு இளநீர் வெட்டித்தந்தார்.

கிந்தோட்டையைக் கடந்து, அங்கே 2017 நவம்பரில் நடந்ததையும் நினைத்துக்கொண்டு, அஸருக்கு முன்பே காலிக்கு வந்துவிட்டேன்.

இனி அந்தக் கல்.

1911இல் தொம்லின் என்ற மாகாணப் பொறியியலாளர் காலி நகரில் கிரிப்ஸ் வீதியருகே ஒரு மதகை மூடியிருந்த பலகைக்கல்லைக் கண்டார். கவிழ்த்துப் போடப்பட்டிருந்த அந்தக் கல்லின் மறுபக்கத்தில் எழுத்துகள் இருந்தன. ஏறத்தாழ 145 சென்றிமீற்றர் உயரம், 76 சென்றிமீற்றர் அகலம். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் சீனாவின் நான்ஜிங்கில் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் இங்கே வந்த கல். செங் ஹோ யுனானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாருக்கு, அதாவது தெவிநுவரயில் கோயில்கொண்டிருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய், விளக்கு, வாசனைப் பொருட்கள் என்று மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய இல்லை. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான வாசித்து வெளியிட்டார். பாரசீகப் பகுதிதான் மிக மோசமாகத் தேய்ந்து போயிருக்கிறது. நமக்கு வேண்டிய பகுதி அழிந்துபோனது நமது அதிர்ஷ்டம்.

இதில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. சீனப் பேரரசு இந்தக் கரையின் முஸ்லிம்களோடு பேச வேண்டியிருந்தபோது அரபியைத் தெரியவில்லை, பாரசீகத்தைத் தெரிந்தது. எழுத்து அரபு எழுத்து; மொழி பாரசீகம். மிங் அரசவையில் முஸ்லிம் நாடுகளுடன் எழுதிப் பேச வழக்கில் இருந்த மொழி அதுதான் என்று சிலர் விளக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் யாரும் வாசிக்க முடியாத மொழியில் ஒரு கல்லைச் செதுக்கி, கடல் தாண்டிச் சுமந்துவந்து நடுவார்களா?

இப்போது இப்னு பதூதாவுக்கு வருவோம். கல்லுக்கு 65 வருடங்களுக்கு முன் வந்த மனிதர். புத்தளம் பக்கத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று அவர் எழுதுகிறார். ஒரு தமிழ் அரசர், ஒரு மொரோக்கோ அரபி, நடுவில் பாரசீகம். பாவாத மலைக்குப் போகும் வழியில் அவர் காணும் பள்ளிவாசல் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உத்மானின் பெயரால் வழங்கியது. ஷீராஸ் ஈரானில் இருக்கிறது. காலியில் அவருக்கு விருந்து வைத்தவர் நாகுதா இப்ராஹீம். நாகுதா என்றால் கப்பல் தலைவன், அதுவும் பாரசீகம். தெவிநுவரக்கும் காலிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆறு ஃபர்ஸக் என்கிறார். அந்த அளவும் பாரசீக அளவு. இத்தனையும் தற்செயலா?

இன்னும் பின்னே போனால், 6ஆம் நூற்றாண்டில், இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே, இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததைக் கொஸ்மஸ் எழுதியிருக்கிறார். 10ஆம் நூற்றாண்டில் செரந்தீபைப் பற்றி அரபியில் எழுதிய அபூ ஸைதுக்கு ஊர் ஸீராஃப். அதுவும் பாரசீகக் கரைத் துறைமுகம். நமது பாடப்புத்தகங்களில் 'அரபு வணிகர்' என்று ஒரே சொல்லில் அடங்கியவர்களில் எத்தனை பேர் ஸீராஃபிலும் ஹுர்முஸிலும் பிறந்தவர்கள் என்று யார் எண்ணிப் பார்த்தோம்?

அரபித் தொடர்பு பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஷாஃபி மத்ஹபும் யெமனும் நம்மோடு கொண்ட உறவை யாரும் மறைக்க முடியாது. இந்தக் கரையில் இஸ்லாம் ஒரே வாசலால் வரவில்லை என்பதுதான் நான் சொல்வது. அரபி, பாரசீகர், மலபார், மஃபர் கரைத் தமிழர், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து உண்டான சமூகத்துக்கு 'உங்கட நாடு' என்று ஒரு நாட்டைச் சுட்டிக்காட்ட முடியாது. சுட்டினால் இந்தக் கரையைத்தான் சுட்ட வேண்டும்.

அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அஸீஸ் தமது மறுப்பை எழுதி நாலு வருடத்தில் கிடைத்த கல். இராமநாதனுக்கும் அஸீஸுக்கும் நடுவே தமிழும் பாரசீகமுமாக அது எழுந்து நின்றது. இருவர் தரப்பிலும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரவு கோட்டைக்குள் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும், வெளிச்சவீட்டுக்கு எதிரே தேவாலயம்போல் தோற்றமளிக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளியும் அங்கேதான். கோட்டை 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1796இல் ஆங்கிலேயர் கைக்கு. போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். இதை வாசிக்கும் கிழக்கிலங்கைக்காரர் சிலரின் மூத்தாப்பாமார் நான் மிதித்து வந்த வழியால் நடந்து போனவர்களாகவும் இருக்கலாம்.

மறுநாள் உனவட்டுன, ஹபராதுவ, கொக்கல, அஹங்கம. கடல் இங்கே வீதிக்கு மிக நெருங்கி வருகிறது. வெலிகமக்கு இப்பால் ஒரு சிறிய பள்ளிவாசலில் முகம் கழுவ நின்றேன். ஊரைக் குறிப்பாகச் சொல்லவில்லை, காரணம் அடுத்து வரும். பள்ளியைப் பராமரிக்கும் வயதான நானா ஒருவர் வெளியே வந்தார்.

"எங்கீந்து வாறீங்க?"

"பேருவளையிலீந்து நானா."

"இதிலயா? அல்லாவே! இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

கால் கழுவப் போன இடத்தில், குழாயடியில் கிடந்த கல்லில் கால் வைக்கும்போது விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் எழுத்து. மீஸான் கல். சவர்க்காரமும் பாசியும் படிந்து வழுவழுப்பாகிவிட்டிருந்தது. காலை எடுத்துவிட்டேன்; ஆனால் எத்தனை வருடமாக எத்தனை கால்கள் அதில் பட்டிருக்கும்! நானாவிடம் கேட்டேன்.

"பள்ளிய பெருப்பிச்ச நேரம் மையவாடிப் பக்கம் கொஞ்சம் வெட்டின. அப்ப வந்த கல்லு. இன்னும் ஏழெட்டு பின்னுக்கு ஈக்கி. வாசிக்கத் தெரிஞ்ச ஆளில்ல. வீசவும் பயம்."

பின்னால் போய்ப் பார்த்தோம். மதிலோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். இரண்டில் கலிமா தெளிவாக இருந்தது. ஒன்றில் பெயரின் பின்பாதி. ஹிஜ்ரி ஆண்டு இருக்க வேண்டிய இடம் எல்லாவற்றிலும் உடைந்தோ தேய்ந்தோ இருந்தது. பாரசீகம் ஏதும் என் கண்ணுக்குப் படவில்லை. படும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவைத் தூவி, கரியைத் தேய்த்துப் படம் எடுப்பது கல்லுக்குக் கூடாது. வெயில் சாய்வாக விழும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. நானா தேத்தண்ணியை இரண்டு தடவை சூடாக்கிக் கொண்டுவந்தார்.

காலிக் கல்லை மதகில் போட்டவன் யார் என்று தெரியாது. பறங்கி என்றோ வெள்ளைக்காரன் என்றோ சொல்லி நாம் திருப்திப்படலாம். இந்தக் கல்லைக் குழாயடியில் போட்டவர்கள் நாம்.

மாத்தறையைத் தாண்டி தெவிநுவரக்கு வந்தபோது லுஹர் நேரம் பிந்திவிட்டது. காலியிலிருந்து சுற்றுவழிகளைக் கழித்தாலும் என் கணக்கில் ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஒரு ஃபர்ஸக் ஐந்தரை, ஆறு கிலோமீற்றர் என்றால் இப்னு பதூதாவின் ஆறு ஃபர்ஸக் முப்பத்தாறைத் தாண்டாது. அவர் நினைவிலிருந்து சொன்னவர், பல வருடத்துக்குப் பிறகு. நான் முழங்கால் நோவிலிருந்து சொல்கிறேன். இதில் என்னை நம்பலாம்.

கடலோரத்தில் வணிகர் வாழும் பெரிய நகரம் என்று அவர் எழுதிய ஊர் இது. ஆளுயரப் பொற்சிலை, கண்களில் மாணிக்கம், ஆயிரம் பிராமணரும் யோகிகளும் என்று அவர் கண்ட கோயிலை 1588இல் தொமே த சூசாவின் போர்த்துக்கேயப் படை சூறையாடி இடித்தது. முதலாம் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்த காலம் அது. இன்றைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, மேட்டில் தனியே நிற்கும் கல்கே என்ற பழைய கருங்கல் கட்டடத்துக்குப் போனேன். அலங்காரம் ஏதுமில்லாத வெறும் கல். தேனாவரை நாயினாருக்குப் பொன் ஆயிரமும் வெள்ளி ஐயாயிரமும் கொடுத்த அதே கை, அதே நாளில், அதே கல்லில் நமக்கும் அவ்வளவே கொடுத்தது. அந்தக் காணிக்கை எந்தப் பள்ளிக்கு, எந்த ஸியாரத்துக்குப் போனது என்பது தேய்ந்துபோன பாரசீக வரிகளுக்குள் கிடக்கிறது. அதே கப்பற்படைதான் அந்தப் பயணத்திலேயே இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது என்பதையும் மறக்கக்கூடாது. சும்மா வந்த தயாளம் அல்ல.

வெளிச்சவீட்டடியில் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மாத்தறையிலிருந்து சைக்கிளை ரயிலில் ஏற்றி வீடு திரும்பினேன்.

படங்களை அரபு எழுத்தணியில் பரிச்சயமுள்ள நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒன்றில் பெயரை வாசித்துவிட்டார்; மற்றவற்றுக்கு இன்னும் நல்ல படம் வேண்டும் என்றார். பள்ளி நானாவுக்கு அதைத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். மதிலோரத்துக் கற்களைக் கூரைக்குக் கீழே எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"குழாயடிக் கல்லு?"

"அது இன்னம் அங்கதான் ஈக்கி. எடுத்தா அந்த இடம் சேறாப் போற. வேற கல்லொண்டு கெடச்சா மாத்தலாம்."

அடுத்த முறை போகும்போது ஒரு பலகைக்கல் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குச் சைக்கிள் சரிவராது.